பெட்டைகளின் பதிவேடு

கரியாலூர்
28 ஏப்ரல் 2025

கலையரசன் அவர்களுக்கு,

உங்கள் எண்ணை நேற்று பிளாக் செய்துவிட்டேன். இனி நீங்கள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எனக்கு வராது. போனில் பேசினால் நீங்கள் பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். ஒரே வகுப்பில் படித்து, ஒரே ஆய்வகத்தில் நின்று, பத்து வருடமாகப் பார்த்த குணம் அது. அதனால் நான் காகிதத்தில் கேட்கிறேன். நீங்களும் காகிதத்தில், கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லுங்கள்.

மார்ச் மாதம் உங்கள் நிறுவனத்திலிருந்து 'நீர்காப்பு' என்ற தூள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய என் மருந்தகத்துக்கு வந்தது. கோடையில் ஆட்டுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் உடம்பில் நீர் வற்றாமல் காக்கும், தவிட்டில் கலந்து தினமும் ஒரு கரண்டி, இலவச களச் சோதனை என்று கடிதம் இருந்தது. அடியில் உங்கள் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மேலதிகாரியிடம்கூடக் கேட்காமல் முகாம் போட்டு என் கையாலேயே கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை காலையில் பெரியநாயகி என்ற அம்மாள் உரச்சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த மலையில் பெரிய மந்தையாக ஆடு வைத்திருப்பவர் அவர். சாக்கை மருந்தகத்து வாசலில் கவிழ்த்தார். ஆறு குட்டிகள். ரோமம் முளைக்கவில்லை, கண் திறப்பே உருவாகவில்லை. நீலம் பாரித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஈ மொய்த்திருந்தது.

"டாக்டரம்மா, பாருங்க. நேத்து சாயந்தரத்துலருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு வீசிக்கினே இருக்குது. இன்னாத்தக் குடுத்தீங்க என் ஆட்டுக்கு?"

குறைமாதத்தில் குட்டியை வெளியே தள்ளிவிடும் கன்று வீச்சு நோயாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ரத்தம் எடுத்துக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் ராத்திரியெல்லாம் வேறொன்று குடைகிறது. பட்டியில் கிடாக்களும் அதே தூளைத்தான் தின்றன. அவை கொழுகொழுவென்று நிற்கின்றன.

நாம் செய்த சோதனை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். தண்ணீர் கிடைக்காதபோது மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து சிறுநீரகத்திடம் 'நீரை வெளியே விடாதே' என்று சொல்கிறது. வேலை முடிந்ததும் அந்த ஹார்மோனைத் துண்டு துண்டாக வெட்டித் தீர்க்க ஒரு நொதி இருக்கிறது. தாகத்தில் கிடக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த நொதி எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் எலிகளை மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் போட்டோம். ஆண் எலிகள் உங்கள் பொறுப்பு. பெட்டைகள் என் பொறுப்பு. மூன்றாம் நாள் அவை கூண்டுக் கம்பியை நக்கி நக்கி நாக்கு கிழிந்து, ஒன்றின் மூத்திரத்தை இன்னொன்று நக்கியதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அரசு வேலை கிடைத்ததும் பாதியில் ஓடிவந்தேன். நான் எடுத்து வைத்த மாதிரிகளை நீங்கள்தான் அளந்தீர்கள்.

நம் பேராசிரியர் தனசேகரனும் நீங்களும் வெளியிட்ட கட்டுரையில் ஆண் எலிகள் மட்டும் இருந்தன. அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். என் பெட்டைகளின் எண்கள் எங்கே?

மணிமொழி
கால்நடை உதவி மருத்துவர்


சென்னை
5 மே 2025

மணி,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியதைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்துப் படிக்க ஒரு நாள் ஆனது. படிக்கிற காலத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் சீட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்தவனை இப்படியா எழுதுவது?

உன் ஆடுகளைப் பற்றிக் கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீயே எழுதியிருக்கிறாய், கன்று வீச்சாக இருக்கலாம் என்று. முடிவு வரட்டும். மலையில் ஊற்றுத் தண்ணீர் வற்றினால் கலங்கலைக் குடிக்கும், கண்ட தழையைத் தின்னும். குட்டி வீச நூறு காரணம் உண்டு. உனக்குத் தெரியாததா?

இன்னொன்று. அளவு. தினமும் ஒரு கரண்டி என்றால் தேக்கரண்டி. அங்கே சாம்பார்க் கரண்டியில் அள்ளிப் போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னபோது அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

பெட்டைகளின் எண்கள் பற்றிக் கேட்டாய். பெண் எலிகளுக்கு நாலைந்து நாளுக்கு ஒரு சுழற்சி. அதற்குத் தகுந்தாற்போல் அளவுகள் ஏறி இறங்கும். தெளிவாக ஒன்றும் வரவில்லை. தெளிவில்லாததைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. எல்லோரும் செய்வதுதான் இது.

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்தது. ஊரில், களமருதூரில், நெல் அறுத்தாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? பிளாக்கை எடு. பேசிக்கொள்ளலாம்.

கலை


கரியாலூர்
10 மே 2025

கலையரசன் அவர்களுக்கு,

கன்று வீச்சு இல்லை. பதினோரு ஆட்டின் ரத்தத்திலும் இல்லை.

கரண்டி விஷயம். நீங்கள் அனுப்பிய பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் கரண்டி இருந்தது. பெரியநாயகி வீட்டுக்குப் போய் வாங்கிப் பார்த்தேன். அதே கரண்டி, அதே அளவுக் கோடு. படிக்காத மலைச்சனம் அள்ளிப் போட்டிருக்கும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு மதியம் சாப்பிட முடிகிறதா என்று பாருங்கள்.

ஆறாம் தேதி மேகம் அருவிக்குப் போகும் பாதையில் சடையன் என்பவரின் பட்டி. காலையில் மேயப் போன ஆடுகள் வெயிலில் காய்ந்து மதியம் திரும்பியிருக்கின்றன. அவர் மகள் தூரத்து ஊற்றிலிருந்து நாலு குடம் சுமந்துவந்து தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். ஆடுகள் முட்டி மோதிக் குடித்திருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் பெட்டைகள் மட்டும் தள்ளாடத் தொடங்கின. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஆடு தரையில். தலை முதுகுப் பக்கம் வளைந்து, காலை உதைத்துக்கொண்டு, வாயில் நுரை தள்ளிக்கொண்டு. இரண்டு என் மடியிலேயே போயின. கிடாக்கள் தொட்டி ஓரத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தாவத்துக்குத்தாங்க குடிச்சுது. தண்ணி குடிச்சா சாவுமா?"

என் உதவியாளர் ஆதிமூலத்தை விட்டு மண்டையை அறுக்கச் சொன்னேன். மூளை வீங்கி, இடம் போதாமல் வெட்டிய வாய் வழியே பிதுங்கி வந்தது. வயிற்றில் தண்ணீர் தளும்பியது. சிறுநீர்ப்பை மட்டும் காய்ந்த பலூன் போல் சுருங்கிக் கிடந்தது. அவ்வளவு குடித்தும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஏன் போகவில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். 'நீரை விடாதே' என்று சொல்லும் ஹார்மோனை வெட்ட ஆளில்லை. உங்கள் தூள் நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. அதே நொதிதான் கருப்பையைச் சுருக்கும் ஹார்மோனையும் வெட்டுகிறது. அது வெட்டப்படாமல் கிடந்தால் குட்டி உள்ளே தங்குமா?

ஆனால் கிடாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன்? அதற்கான பதில் என் பெட்டைகளின் எண்களில் இருக்கிறது. 'தெளிவாக வரவில்லை' என்று எழுதினீர்கள். தெளிவில்லாத எண்ணும் எண்தானே? அதை அனுப்பக் கையில்லையா?

இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பெரியநாயகியின் மருமகள் தனுஷா. ஏழு மாதக் கர்ப்பம். நேற்று மீதித் தூளைத் திரும்ப வாங்கப் போனபோது பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தாள். பாதி காலி. அந்தத் தூளுக்கு எலுமிச்சை வாசம் போட்டிருக்கிறீர்களே, ஆடு விரும்பித் தின்ன வேண்டும் என்று.

"வெயில்ல வந்தா ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருதுங்க. ரெண்டு தபா தண்ணில கலக்கிக் குடிச்சேன். ஆட்டுக்கு நல்லதுன்னா மனுசாளுக்கு ஆவாதாங்க?"

ஜீப்பில் ஏற்றி அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனேன். கச்சிராயபாளையம் வரை இறங்கும் வளைவுகளில் எல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் ஆவாதில்லீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் மருத்துவர் என்னிடம் அந்தத் தூள் கர்ப்பிணிக்கு என்ன செய்யும் என்று கேட்டார். தெரியாது என்றேன். கர்ப்பமான எலிக்கு? தெரியாது. சும்மா பெட்டை எலிக்கு? அதுவும் தெரியாது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

என் கையிலிருந்து அந்தக் குட்டிகளின் வாடை போகமாட்டேன் என்கிறது. சோற்றைப் பிசைந்தால் வருகிறது. உங்கள் கையில் என்ன வாடை வருகிறது?

மணிமொழி


சென்னை
17 மே 2025

மணிமொழி,

இதைப் படித்துவிட்டு யாரிடம் காட்ட வேண்டுமானாலும் காட்டு. அதற்காகத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். பெட்டைகளின் எண்கள் தெளிவாகத்தான் இருந்தன. தேவைக்கு மேல் தெளிவாக இருந்தன.

ஆண் எலிகளுக்குத் தாகத்தில் நொதி கொஞ்சம் குறைந்தது. தண்ணீர் கொடுத்த மறுநாளே பழைய நிலைக்கு வந்துவிட்டது. வரைந்து பார்த்தால் அழகான கோடு. உன் பெட்டைகளுக்குப் பாதிக்கும் கீழே விழுந்தது. தண்ணீர் கொடுத்து இரண்டு நாள் ஆகியும் எழவில்லை. சுழற்சியின் எந்த நாளாக இருந்தாலும் அப்படித்தான். அதைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

"பொம்பளைங்க கணக்கு என்னிக்குய்யா நேரா வந்திருக்கு? ஆம்பள கோடு எவ்ளோ அழகா இருக்குது பாரு. இத எடுத்துடு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மணி, அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டும் போல் இருக்கிறது.

கணினியில் பெட்டைகளின் எண்கள் இருந்த பத்தியைத் தேர்ந்தெடுத்து அழிக்க மூன்று விநாடிதான் ஆனது.

அது மட்டுமில்லை. பதினான்காம் கூண்டு உனக்கு நினைவிருக்கிறதா? நீ கிளம்பிப் போன மறுநாள். அதில் இருந்த பெட்டை சினை என்று யாரும் கவனிக்கவில்லை. தாகத்தில் கிடந்தபடி நாள் நிறையாத குட்டிகளை ஈன்றது. ஈன்ற சூட்டோடு ஒவ்வொன்றாகத் தின்றது. அதில் இருந்த ஈரத்துக்காகத் தின்றது என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் நின்று பார்த்தேன். கடைசிக் குட்டியின் வால் அதன் வாயிலிருந்து தொங்கியது. நீ விட்டுச்சென்ற பதிவேட்டில் 'கூண்டு 14, சினை, நீக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்ப் பரோட்டா தின்றேன். உனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றாய். எனக்கு இறங்கியது. அதுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்.

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அந்த நொதியை அடக்கும் தூளை நிறுவனம் செய்தது; தாகத்தில் ஏற்கெனவே நொதி விழுந்து கிடக்கும் பெட்டைக்கு அதற்குமேல் அடக்க மிச்சமே இருக்காது. என்னை வேலைக்கு எடுத்தது. ஆட்டில் பார்க்க வேண்டும் என்றபோது கிடாக்களை வைத்துப் பார்த்தோம். கிடா கைக்கு அடங்கும், கணக்கு நேராக வரும் என்று காரணம் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. களச் சோதனைக்கு எந்த ஊர் என்று பேச்சு வந்தபோது 'கல்வராயன் மலை, எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், கேள்வி கேட்கமாட்டார்' என்று சொன்னதும் நான்தான். உன்னைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னேன்.

எல்லா நாளும் இது மனதில் இருந்ததா என்று கேட்டால் இல்லை. அதுதான் அருவருப்பு. மறந்தே போயிருந்தேன். தனுஷா என்ற பெயரைப் படித்தபோதுதான் பதினான்காம் கூண்டு கண்முன் வந்தது. அலுவலகக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

ஆய்வகத்தில் அந்தப் பதிவேட்டை எரித்துவிடச் சொன்னார்கள். எரிக்கவில்லை. நல்லெண்ணத்தால் இல்லை, நாளைக்கு என் கழுத்துக்கு வந்தால் காட்டலாம் என்ற பயத்தால். களமருதூரில் அம்மாவின் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். நேற்று போய் எடுத்து வந்தேன். மூலத்தை ரிஜிஸ்டர் தபாலில் உனக்கு அனுப்புகிறேன். நகல்களைக் கால்நடைத் துறைக்கும், கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும், நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுது.

கலையரசன்


கரியாலூர்
22 மே 2025

கலையரசன்,

பதிவேடு வந்தது. என் கையெழுத்தைப் பார்த்தேன். எடை, தேதி, கூண்டு எண், பக்கத்தில் நீங்கள் எழுதிய நொதி அளவுகள். எவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அந்த நேர்த்தியைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

தனுஷாவை மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது, சரிசெய்துவிட்டார்கள். குழந்தைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வேறு எதுவும் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஊர் ஊராகப் போய்த் தூளைத் திரும்ப வாங்கிக் குழியில் கொட்டி மூடிவிட்டேன். இறந்தது பத்தொன்பது பெட்டை. வீசிய குட்டிகளை எண்ணவில்லை. எண்ண முடியவில்லை, நாய்கள் இழுத்துப்போய்விட்டன.

'கேள்வி கேட்கமாட்டார்' என்றீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். கேட்கவில்லையே. உங்கள்மேல் இருக்கும் அதே அருவருப்பு எனக்கு என்மேலும் இருக்கிறது. நேற்று இதைத் துறைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அனுமதியில்லாமல் விநியோகித்தது நான் என்று.

தபாலில் ஒப்புக்கொள்வது போதாது. ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஊராட்சி அலுவலகத்தில் காலை பத்து மணி. பெரியநாயகியும் சடையனும் மற்றவர்களும் வருவார்கள். எனக்குச் சொன்னதை அவர்களுக்குச் சொல்லுங்கள். 'நொதி', 'ஹார்மோன்' என்று போய் ஒளிந்துகொள்ளாமல் அவர்களுக்குப் புரிகிற பேச்சில் சொல்லுங்கள்.

வராவிட்டால் இனிமேல் எழுத வேண்டாம்.

மணிமொழி


களமருதூர்
9 ஜூன் 2025

மணிமொழி,

அன்றைக்கு உன்னிடம் பேச முடியவில்லை. நீயும் நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினேன். பாதிப் பேர் அருவிக்குப் போகும் பையன்கள், பாட்டும் கூத்துமாக. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் கோழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா தம்பி, மேலுக்குச் சொகமில்லியா?" என்று கேட்டு, ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டார். மலைக்கு எதற்குப் போகிறேன் என்று கேட்டபோது 'ஆட்டு விஷயமா' என்றேன்.

கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. "தாவத்துல இருக்கிற கிடாவும் பொட்டையும் ஒண்ணில்ல. பொட்டைக்கு இந்த மருந்து ஆவாதுன்னு எங்க சோதனையிலயே தெரிஞ்சுது. அத மறைச்சிட்டோம். மறைச்சது நான்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சடையன் மட்டும் எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். பெரியநாயகி அம்மாள்தான் கேட்டார்.

"எத்தினி வருசத்துக்கு முன்ன தெரியும்?"

"நாலு வருசம்."

"நாலு வருசமா நெனச்சிக்கினு இருந்தியா, மறந்துட்டியா?"

"மறந்துட்டேங்க."

அவர் தலையை ஆட்டினார். "நான் எந்த ஆடு எந்தக் கெழமை ஈனுச்சின்னு சொல்லுவேன். செத்ததுல கருப்பி மூணாவது ஈத்து. செவலைக்கி மொத ஈத்து. இவ்ளோ படிச்சிட்டு ஒனக்கு மறந்துபூட்டுதா?"

தனுஷா கதவோரம் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். கண் படக் கூடாத ஏதோ ஒன்று எதிரே நிற்பதுபோல. அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே ஓடி மதில் ஓரமாக வாந்தி எடுத்தேன். நீ ஜன்னலிலிருந்து பார்த்தாய். வரவில்லை. வராதது சரி.

இங்கே வந்த பிறகு நடந்தது இது. நிறுவனம் தூளை 'தரம் மேம்படுத்துவதற்காக' திரும்பப் பெறுகிறதாம். மலைவாசிகள் அளவை மீறிக் கொடுத்ததால் சில இழப்புகள் என்று அறிக்கை விட்டிருக்கிறது. நான் உனக்கு முதலில் எழுதிய அதே பொய், அதே வார்த்தை. என்னிடமிருந்து கற்றுக்கொண்டதா, நான் அவர்களிடம் கற்றுக்கொண்டதா தெரியவில்லை. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேராசிரியர் அந்தப் பதிவேடே போலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பதிவேடு பற்றிய விசாரணைக்கு உன்னையும் கூப்பிடுவார்கள்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. வாசலில் எங்கள் ஆடு இரண்டு கட்டியிருக்கிறது, இரண்டும் பெட்டை. மதியம் தண்ணீர் வைத்தேன். அவை குடித்து முடிக்கும்வரை என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கலையரசன்


கரியாலூர்
26 ஜூன் 2025

கலை,

விசாரணை முடிந்தது. கையெழுத்து என்னுடையதுதான், எடை பார்த்தது நான்தான், மாதிரி எடுக்க அந்த எலிகளை என் கையால் கொன்றது நான்தான் என்று சொன்னேன். பேராசிரியர் எதிரே உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். அந்த 'அம்மா'வுக்காகவே எழுந்து வெளியே போகலாம் போலிருந்தது. பதிவேட்டை ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது, உனக்கும் வந்திருக்கும். எனக்குத் துறை நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் எழுத மாட்டேன், எழுதவும் ஒன்றும் இல்லை.

தனுஷாவுக்குப் பெண் குழந்தை. இருபத்தொன்றாம் தேதி பிறந்தது. பதினைந்து நாள் முந்திக்கொண்டது. எடை கொஞ்சம் கம்மி. தூளினால்தானா, இல்லையா என்று இனி யாரும் சொல்லப் போவதில்லை. நல்லபடியாகப் பால் குடிக்கிறது. பார்க்கப் போனேன். உள்ளே விட்டார்கள். குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ வந்து நின்றதைப் பற்றி இங்கே யாரும் நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை. நான் உன்னை மன்னித்துவிட்டேனா என்று உனக்குத் தோன்றலாம். இல்லை. உன் முகத்தை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாலும் அப்படித்தான். ஆனால் நேற்று நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பெரியநாயகி ஒரு பெட்டை ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். சாக்கைக் கவிழ்த்த அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என் மருந்தகத்துப் படியை மிதிக்கிறார். ஆட்டுக்கு நல்ல காய்ச்சல், மூக்கில் சளி. தினமும் நான் பத்து ஆட்டுக்குப் போடும் சாதாரண ஊசிதான். மருந்தை உறிஞ்சி, காற்றைத் தட்டி வெளியேற்றி, தொடைப் பக்கம் குனிந்தேன். அவர் ஆட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் கையை வைத்தார்.

"இருங்க டாக்டரம்மா. இத பொட்டைக்குப் போட்டுப் பாத்திருக்காங்களா? செனையா இருக்கிறதுக்குப் போட்டுப் பாத்திருக்காங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். நான் சிரிஞ்சை வைத்துவிட்டுக் குப்பியைத் திருப்பிப் படித்தேன். பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் படித்தேன், பொடி எழுத்து, இரண்டு பக்கம். ஆதிமூலம் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் இருவரும் நின்றார்கள், ஆடு நின்றது. அளவு இருந்தது, பாதுகாக்க வேண்டிய வெப்பம் இருந்தது. அவர் கேட்டது மட்டும் எங்கும் இல்லை. நாலு வருடமாகப் போடுகிறேன் அந்த ஊசியை.

"தெரியலீங்க" என்றேன்.

பெரியநாயகி "செரி, இப்பவாவது தெரியலன்னு சொன்னீங்க" என்றார். பிறகு ஆட்டின் மூக்கைத் துடைத்துவிட்டு யோசித்தார். ஆடு இருமியது. "போடுங்க. ஆனா ராத்திரிக்கி வந்து நீங்களே பாக்கணும். நாளைக்கிம் வரணும். எழுதி வெக்கணும், என் ஆட்டுக்கு இன்னா ஆச்சின்னு."

போட்டேன். ராத்திரி போனேன். இன்று காலையும் போனேன். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன், பெட்டை, வயது, எத்தனையாவது ஈத்து, கொடுத்தது என்ன, மறுநாள் எப்படி இருந்தது. பக்கத்து ஊர் மருந்தகங்களுக்கும் சொல்லியிருக்கிறேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் சிரித்தார்.

வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறாய். களமருதூர்ப் பக்கம் பட்டிகள் நிறைய உண்டு. நீயும் போய் எழுது. கேட்டதை எழுது, கண்டதை எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுது. கோடு நேராக வராது. அழிக்காமல் எனக்கு அனுப்பு.

மணிமொழி